இப்பதானே சொன்னேன்

மாலை நான்கு மணிக்கு முதியோர் இல்லத்துக்குள் நுழையும்போதே பிரார்த்தனை அக்காவுக்குக் கால் கடுத்தது. நினைவு தப்பியவர்களின் கூடத்தில் பதினாறு கட்டில்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து, கையைப் பிடித்து, காதோரம் ஒரு பிரார்த்தனை சொல்வதுதான் பதினோரு வருஷமாக அவள் வேலை. பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்பவர்கள்கூட அப்போது அடங்கிப் போவார்கள்.

"கடைசிக் கட்டில் காலிக்கா. உங்களுக்கு இன்னிக்குச் சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றாள் செவிலி.

அக்காவின் பார்வை அந்தக் காலிக் கட்டிலுக்குப் போயிற்று.

அந்தக் கட்டிலில் இருந்தவர் ஒரு காலத்தில் கடிகாரம் பழுது பார்த்தவர். பிரார்த்தனை முடியும்வரை இரண்டே விரலால் அவள் மணிக்கட்டைப் பிடித்திருப்பார். போன வாரம் அவளுக்கு அலுப்பு தாங்கவில்லை. "ஏம்மா, எனக்குச் சொல்லலியே?" என்று கேட்டவரிடம், "இப்பதானே ஐயா சொன்னேன், மறந்துட்டீங்களா?" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். அவருக்கென்ன தெரியப்போகிறது என்ற நினைப்புதான், வேறென்ன. அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "அப்படியா? மன்னிச்சிடும்மா. பாழாப்போன மண்டை" என்றார். அன்று பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கேட்ட அந்த மன்னிப்பு ஒரு வாரமாக அவளைத் தூங்கவிடவில்லை.

இன்று மீதிப் பதினைந்து பேருக்கும் சொல்லி முடித்தாள். செவிலி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். பினாயில் வாடைக்கு நடுவே, அந்தக் கடிகாரக்காரர் முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம் மணத்தது.

கடைசிக் கட்டிலில் காலையில்தான் மாற்றிய விரிப்பு. அதன் நடுவில் ஓர் ஆள் படுத்த பள்ளம்.

பள்ளம் மெல்ல நகர்ந்து, அவள் உட்கார ஓரத்தில் இடம் விட்டது.

அவளுக்கு வாசல் பக்கம் ஓடத் தோன்றியது. ஆனாலும் ஓடவில்லை. செய்த பாவத்தை இன்றைக்காவது தீர்த்துவிட வேண்டும். உட்கார்ந்து கையை நீட்டினாள். சில்லென்று இரண்டு விரல்கள் மணிக்கட்டில் படிந்தன.

ஒரு சொல் விடாமல் முழுவதும் சொன்னாள். "அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன் ஐயா, மன்னிச்சிடுங்க" என்று அழுதாள்.

"நல்லாயிரும்மா."

விரல்கள் விலகின. விரிப்பு சமமாயிற்று. அப்பாடா என்று பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள்.

தைல வாடை.

மணிக்கட்டில் மறுபடியும் அந்த இரண்டு விரல்கள்.

"ஏம்மா, எனக்குச் சொல்லலியே?"

"இப்பதானே ஐயா சொன்னேன்..." என்றாள். இந்த முறை அது பொய் இல்லை.

"அப்படியா? மன்னிச்சிடும்மா" என்றது குரல்.

விரல்கள் விடவில்லை.