காவலன் அழும் பாட்டு

செவ்வாய்க் குடியிருப்பில் காலையில் எழுந்ததும் பல் துலக்குவார்கள். அடுத்து, காதுக்குப் பின்னால் பொருத்தியிருக்கும் துயர்த்தணிப்பியைத் தொட்டு, அன்றைக்கு எவ்வளவு வருத்தம் போதும் என்று அமைத்துக்கொள்வார்கள். மூடிய கூரைக்குள் ஒருவர் சோர்ந்தால் எல்லோரையும் அது தொற்றிக்கொள்ளும் என்று முதல் தலைமுறை செய்துவைத்த ஏற்பாடு. சாவு வீட்டில்கூட யாரும் வாய்விட்டு அழுவதில்லை.

அப்படிப்பட்ட ஊரில்தான் இசையமைப்பாளர் தில்லைநாயகி, பூமியின் பழைய மேடைத் துயர நாடகம் ஒன்றை இசைநாடகமாக்கியிருந்தாள். போர்க்காலத்தில் ஆணைக்குப் பணிந்து கோட்டைக் கதவைத் திறக்க மறுக்கிறான் ஒரு காவலன். வெளியே கதறிக் கதறி மடிந்தவள் தன் மகள் என்பது விடிந்த பிறகுதான் அவனுக்குத் தெரிகிறது.

ஒத்திகை பார்க்க வந்தார் கலைத்துறை அதிகாரி அருள்தாசன்.

"எல்லாம் நல்லாருக்கும்மா. முடிவுல மட்டும் அந்தப் பொண்ணு பொழச்சு வரட்டுமே. அப்பாவும் மகளுமா ஒரு பாட்டுப் பாடட்டும்."

"அவ செத்துத்தான் போவா, சார்."

"தணிப்பி எப்படியும் துயரத்தை அடக்கிடும். ஒருத்தருக்கும் உறைக்காது. அப்புறம் எதுக்கு இந்த வீம்பு?"

தில்லைநாயகி ஒரு சுரத்தைக்கூட மாற்றவில்லை.

அரங்கேற்றத்தன்று, கடைசிக் காட்சிக்கு முன் அவளே மேடையேறினாள். எல்லோரும் பார்க்கத் தன் தணிப்பியைப் பிய்த்துக் கீழே போட்டு மிதித்தாள். அது சிறைக்குரிய குற்றம்.

"என்னைப் பிடிச்சு அடைக்கிறதுன்னா அடைங்க. ஆனா, இந்தப் பாட்டை மரத்துப்போன மனசோட கேக்காதீங்க!"

பின்வரிசையில் ஒருத்தி தன் தணிப்பியைக் கழற்றினாள். பிறகு அவள் பக்கத்தில் இருந்தவர். பிறகு வரிசை வரிசையாக. காவலனாக நடித்த பரஞ்சோதி மகளின் உடலை மடியில் கிடத்திக்கொண்டு பாடியபோது அரங்கமே ஓவென்று அழுதது. அருள்தாசனும் தேம்பினார். அவளைக் கைது செய்ய யாருக்கும் கை வரவில்லை.

தணிப்பியைக் கழற்றக் கூடாது என்ற சட்டம் சீக்கிரமே நீக்கப்பட்டது. நாடகம் மறுபடி மேடையேறிய அன்று இடம் பிடிக்க அடிதடி. தில்லைநாயகி நிமிர்ந்து நின்று இசைக்குழுவை நடத்தினாள். கடைசிப் பாட்டில் முதுகுக்குப் பின்னால் விம்மல்கள் எழ, மனம் நிறைந்து திரும்பிப் பார்த்தாள்.

ஒவ்வொரு முகத்துக்கும் எதிரே உள்ளங்கையளவு பறக்கும் படக்கருவி மிதந்துகொண்டிருந்தது. அதன் திரையில் அவரவர் அழும் முகத்தை அவரவர் பார்த்தபடி, வெளிச்சம் விழும் பக்கமாகக் கன்னத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். மேடையை ஒருவரும் பார்க்கவில்லை.

அவள் சட்டென்று கையை இறக்கினாள். இசை நின்றது. அழுகை நிற்கவில்லை.

"என்னக்கா பண்ணட்டும்?" பரஞ்சோதி கிசுகிசுத்தான்.

"அவங்களுக்கு முதுகைக் காட்டு. நமக்காகப் பாடு. முழுசாப் பாடு!"

அவன் திரும்பி நின்று, அதுவரை எடுத்திராத குரலெடுத்துப் பாடினான். வாத்தியக்காரர்கள் வெறிகொண்டவர்களாக வாசித்தார்கள்.

முன்வரிசையிலிருந்து அருள்தாசன் கண்ணைத் துடைக்காமலே கையசைத்தார்.

"அம்மா, கொஞ்சம் மெதுவாப் பாடச் சொல்லுங்க. பதிவுல என் விம்மல் கேக்கவே மாட்டேங்குது."