கனகவல்லி வெளியே போனாள்

நகக்கண்ணில் சேறு. கவிநிலா இரண்டு முறை சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மேடையில் அவள் இடித்துத் தள்ளியது தெர்மாகோல் சுவர். அதில் சேறு ஏது?

செங்கம் சாலை அரங்கத்தின் ஒப்பனை அறையில் அவள் மட்டும்தான். வெளியே மழையின் இரைச்சல், ஆட்டோ ஹாரன், எதிர் ஓட்டலிலிருந்து டிகாஷன் வாசனை, கலைந்து போகும் கூட்டத்தின் பேச்சு, எல்லாமே போர்வைக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல் மங்கலாக வந்துகொண்டிருந்தன.

கனகவல்லி கதை இந்தப் பக்கத்துக் கூத்தில் ரொம்பப் பழசு. ஏரிக்கரை உடையாமல் நிற்க, கனகவல்லி என்ற கன்னிப்பெண்ணை உயிரோடு கரைச்சுவருக்குள் வைத்துப் பூசிவிடுவார்கள். கூத்து முடிந்ததும் வேஷக்காரியைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவள் பதில் கொடுத்த பிறகுதான் வேஷம் கலைப்பார்கள்.

அருண்பிரசாத் எழுதிய புது நாடகத்தில் கவிநிலா நடிக்கும் கனகவல்லி சாகவில்லை. சுவரை உடைத்து வெளியேறுகிறாள்.

"எதுக்கும் பேர் சொல்லிக் கூப்ட்டுடலாங்க சார்," என்று சாயங்காலம்கூட மிருதங்கக்கார முருகவேல் கெஞ்சினார்.

"சாவாத பொண்ண எதுக்குய்யா எழுப்பணும்? உனக்கு பயம் ஜாஸ்தி, தாளம் கம்மி!" என்றார் அருண்பிரசாத்.

எல்லோரும் சிரித்தார்கள். கவிநிலாவும்தான்.

ஆனால், சுவர் விழுந்த நொடியில் ஓர் ஈரப் புடவை அவள் தோளை உரசிக்கொண்டு முன்னால் போனதே? அந்தக் காட்சியில் வேறு நடிகையே கிடையாது. கைதட்டல்கூட அவளைத் தாண்டி அதன் பின்னாலேயே போனதுபோல் இருந்தது.

வாசலில் கார் கிளம்பும் சத்தம். அருண்பிரசாத்தின் குரல்.

"கவிநிலா! ஏறும்மா, வேங்கிக்கால்ல உன்ன இறக்கி விட்டுட்டுப் போறேன்."

"தோ வரேன் சார்!" என்று கத்தினாள்.

வெளியே இன்னொரு குரல் அதையே சொன்னது. அவளுடைய குரல்.

கார் கதவு சாத்தப்பட்டது. கார் போய்விட்டது.

ஓடிப் போய்க் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. விளக்கு அணைந்தது. தாழ்ப்பாளைத் தேடினாள். தாழ்ப்பாள் இல்லை. கதவே இல்லை. செங்கல். ஈரச் செங்கல். நாலு பக்கமும்.

"முருகவேல் அண்ணா! யாராவது என் பேரச் சொல்லுங்களேன்!"

மூச்சு முட்டியது.

கையில் போன் இருந்தது. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள். மணி அடித்தது. ஒரு கார் வேங்கிக்கால் போய்ச் சேரும் நேரம் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அம்மா தனம் எடுத்தாள். வேங்கிக்கால் வீட்டுக் கூடம், டியூப்லைட், அம்மாவின் முகம்.

"அம்மா! நான்தாம்மா! கவின்னு கூப்டும்மா, ஒரே ஒரு வாட்டி!"

தனம் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்துவிட்டுப் பின்னால் திரும்பினாள்.

"யாருன்னு தெரியலயே கவி. வெறும் சுவரு மட்டுந்தான் தெரியுது."

"கட் பண்ணும்மா. பசிக்குது," என்றது அம்மாவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"உக்காரு கண்ணு, தோச ஊத்தறேன்."

தனத்தின் தோளுக்கு மேலாக ஒரு கை மெதுவாக நீண்டு வந்து, திரையை முழுக்க மூடியது. தண்ணீரில் வெகுகாலம் ஊறி வெளுத்த கை.