அம்மாவின் ஜன்னலில் இருட்டும் நேரம்

அம்மா சொன்னது எந்த ஊர் விளக்கு நேரம்?

துஷ்யந்தி இதை யாரிடமும் கேட்கவில்லை. பஸ் ஜன்னலில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு மனதுக்குள்ளேயே கேட்டாள். ஸ்பிரிங்வெளித் தேயிலை மலைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில் அப்பா இரண்டாவது தடவையாகத் தலை சீவினார்.

"போன்ல முகம் தெரியாதுப்பா."

"தெரியாட்டி என்ன. நல்லா இருக்கமா இல்லையான்னு குரல்ல தெரிஞ்சிரும்" என்றார் அப்பா.

அம்மா லெபனானில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய்ப் பத்து மாதம் ஆகிறது. அவர்கள் குடியிருக்கும் தோட்ட லயத்தில் போன் கிடையாது. அம்மாவின் குரலைக் கேட்டும் பத்து மாதம். மூன்று வாரம் பயணம் செய்து நேற்றுத்தான் ஒரு கடிதம் வந்தது.

"கார்த்திகை அன்னைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்கு, பதுளையில ராமாமிர்தம் முதலாளி கடைக்குப் போன் எடுக்கிறேன். மேடம் அஞ்சு நிமிசம் பேசச் சொல்லிட்டாங்க. மறக்காம வாங்க."

எத்தனை மணி என்று எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும்? தோட்டத்தில் வருடம் முழுக்க ஆறு மணியளவில்தான் பொழுது சாயும். விளக்கு நேரம் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

கடையில் ராமாமிர்தம் முதலாளி தராசுக்குப் பின்னால் நின்றார். "வாங்க தம்பி. போனுக்குப் பக்கத்துலயே பெஞ்சு போட்டு வச்சிருக்கேன்" என்றார்.

ஆறு மணியானது. கடைத்தெருவில் ஒவ்வொரு வாசலாக விளக்கு ஏறியது. ஆறு பத்துக்குப் போன் அடித்தது. அப்பா பாய்ந்து எடுத்தார்.

"லெட்சுமி?"

பிறகு முகம் தொங்கிப்போய் முதலாளியிடம் நீட்டினார். "கருவாடு வந்திருச்சான்னு கேக்குறாரு."

"உங்கம்மா ஒரு வேள பழைய நேரத்துல எடுக்குமோ?" என்றார் அப்பா கொஞ்ச நேரம் கழித்து.

அந்த 1996ஆம் வருடம் அரசாங்கம் கடிகாரங்களை இரண்டு தடவை மாற்றியிருந்தது. வைகாசி மாதத்தில் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஐப்பசியில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டு புது நேரம். கோயில் பூசை பழைய நேரம். யாராவது நேரம் சொன்னால், "எந்த நேரம்?" என்று கேட்காமல் ஒருவரும் நகர்வதில்லை.

பழைய நேரமும் கடந்துபோனது. ஆறே முக்கால். கடைசி பஸ் ஏழு மணிக்கு.

அப்பா எழுந்து சட்டையை இழுத்துவிட்டார். "வா புள்ள. அம்மாவுக்கு வேலை போல."

அவர் நல்லா இல்லை என்று குரலிலேயே தெரிந்துவிட்டது. துஷ்யந்தியால் இனிமேல் மனதுக்குள் வைத்திருக்க முடியவில்லை.

"அப்பா, அம்மா இன்னும் எடுக்கல. அங்க இன்னும் இருட்டல."

பையிலிருந்து அம்மாவின் கடிதங்களை எடுத்தாள். இதுவரை வந்த ஏழும் இருந்தன. ஆனி மாதக் கடிதத்தைப் படித்தாள். "இங்க ராத்திரி எட்டு மணிக்குத்தான் இருட்டுது. குசினியில மணிக்கூடு இல்ல. ஜன்னல் வெளிச்சம்தான் எனக்கு மணிக்கூடு."

நேற்று வந்த கடிதத்தையும் படித்தாள். "இப்ப மேடம் அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வரும்போதே இருட்டிருது. நாளுக்கு நாள் இன்னும் வெள்ளனவே இருட்டுது."

"எட்டு மணி எப்படி அஞ்சு மணியாகும்?" என்றார் முதலாளி. "அங்கயும் கடிகாரத்தை இழுத்துட்டாங்களா?"

"கடிகாரத்தை இழுத்தாலும் மூணு மணித்தியாலம் இழுப்பாங்களா முதலாளி? ஒரு தோடம்பழம் தாங்க. ரெண்டு கிராம்பும்."

அந்த ஆரஞ்சுப் பழத்தின் நடுவயிற்றுக்குக் கொஞ்சம் மேலே ஒரு கிராம்பைக் குத்தினாள். "இது பதுளை." அதற்கு மேற்குப் பக்கமாக, இன்னும் நன்றாக மேலே மற்றதைக் குத்தினாள். "இது அம்மா."

வாசலில் எரிந்த விளக்குக்கு முன்னால் பழத்தைப் பிடித்தாள். பள்ளிக்கூடத்து உலக உருண்டை சாய்ந்திருப்பதுபோல, அதன் உச்சியை விளக்குக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்தாள். மெதுவாகச் சுற்றினாள். பதுளைக் கிராம்பு ஏறக்குறைய பாதிச் சுற்று வெளிச்சத்தில் இருந்தது. அம்மாக் கிராம்பு அதைவிடக் குறைந்த நேரம்தான்.

"மேல போகப் போக, இந்த மாசத்துல பகல் சின்னதாயிரும். ஆனி மாசம் உச்சி சூரியன் பக்கம் சாயும், பகல் பெரிசாயிரும். நம்ம நடுவயித்துல இருக்கிறதால நமக்கு ரொம்ப மாறாது."

"அப்ப அம்மாவுக்குத்தானே முதல்ல இருட்டணும்?" என்றார் அப்பா.

"இல்லப்பா. சூரியன் நம்மளைத் தாண்டித்தான் அங்க போகுது. பாருங்க, பதுளை இருட்டுக்குள்ள போயிருச்சு. அம்மா இன்னும் வெளிச்சத்துல."

முதலாளி எட்டிப் பார்த்தார். "சரிதான். பழத்தை அப்புறம் சாப்பிடலாம்ல?"

போனுக்கு மேலே வெளிநாட்டு நேரங்கள் எழுதிய அட்டை தொங்கியது. லெபனான், நான்கு மணித்தியாலம் பின்னுக்கு.

"கடிதம் எழுதி மூணு வாரமாச்சு. இப்ப நாலரைக்கே இருட்டும். நம்ம நேரத்துக்கு எட்டரை" என்றாள் துஷ்யந்தி.

"ஏழரைக்கு நான் கடை பூட்டணும்மா. கோயிலுக்குப் போகணும்" என்றார் முதலாளி.

துஷ்யந்தி அவருடைய வாசலைப் பார்த்தாள். ஒரே ஒரு விளக்குத்தான் எரிந்தது. மேசையில் ஒரு தட்டு நிறைய அகல்கள், எண்ணெய்கூட ஊற்றாமல் இருந்தன.

"நீங்க போயிட்டு வாங்க முதலாளி. நான் எல்லா விளக்கும் வச்சிடுறேன். அப்பா கடையைப் பாத்துக்குவாரு."

அவர் தட்டைப் பார்த்தார். வீட்டில் மனைவி கொடுத்து அனுப்பியதை மறந்தேபோயிருந்தார்.

"ஒன்பது மணிக்கு நம்ம லொறி ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகுது. அதுல ஏறிக்கங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டார்.

இருபத்தொரு அகல்களில் இருபதை ஏற்றினாள். ஒன்றை மட்டும் எண்ணெயும் திரியுமாக வைத்துக்கொண்டாள்.

முதலாளி நெற்றியில் விபூதியோடு திரும்பி வந்தார். எட்டரை. போன் அடிக்கவில்லை. எட்டு முப்பத்தைந்து. நான் பிழையாகச் சொல்லிவிட்டேனோ? கிராம்பைச் சரியான இடத்தில்தான் குத்தினேனா?

எட்டு நாற்பதுக்குப் போன் அடித்தது. துஷ்யந்தி எடுத்தாள்.

"துஷா? விளக்கு நேரத்துக்குச் சரியா எடுத்திட்டேனா?"

துஷ்யந்திக்குச் சிரிப்பு வந்தது. "சரியான நேரம்மா."

"இங்க ஜன்னல்ல இப்பத்தான் இருட்டுது. அங்க?"

"இங்கயும் இருட்டுத்தான்." ஒரு கையால் கடைசி அகலை ஏற்றினாள்.

அப்பா போனை வாங்கினார். "சாப்பிட்டியா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சாப்பிட்டியா?" என்றார் மறுபடி. பிறகு எல்லாவற்றையும் உளறிவிட்டார். எட்டு நாற்பது, போன பஸ், கருவாடு, கிராம்பு.

"புள்ளைகிட்ட குடுங்க" என்றது அம்மாவின் குரல். "துஷா, இவ்வளவு நேரமாவா காத்திருந்தீங்க? பொங்கலுக்கு உங்க ஆறு மணிக்கே எடுக்கிறேன்டா. மேடம்கிட்ட கேட்டுப் பாக்குறேன். சரியா?"

முதலாளி தோடம்பழத்தை உரித்துக்கொண்டே சரி என்று சொல்லும்படி தலையாட்டினார். அப்பாவும் தலையாட்டினார். ஆறு மணி எல்லோருக்கும் வசதிதான்.

துஷ்யந்தி கடைசி விளக்கைப் பார்த்தாள்.

"வேணாம்மா" என்றாள் மெதுவாக. "நீங்க உங்க ஜன்னல் இருட்டினதும் எடுங்க. நீங்க எங்க நிக்கிறீங்கன்னு எனக்கு அப்பத்தான் தெரியும்."