வாசலில் இரண்டு காவல்

விரல் கணுவால் தேன்பெட்டியை ஒருமுறை தட்டினாள். பாதிக் குரல்தான் வந்தது.

நலமாக இருக்கும் கூடு, தட்டியதும் ‘உஸ்’ஸென்று சீறி அதே நொடியில் அடங்கிவிடும். ராணி இல்லாத கூடு விடாமல் அரற்றும். மாலைதோறும் இப்படித் தட்டி நலம் கேட்பது அவள் வழக்கம். இன்றைக்கு வந்ததோ ஆள் குறைந்த வீட்டின் முனகல்.

காலையில், வேலிக்கு அப்பால் பூத்து நின்ற சூரியகாந்தியில் அண்ணன் மருந்து அடிப்பதைக் கண்டதும் ஓடிவந்து பெட்டியின் வாசலை ஈரச்சாக்கால் அடைத்திருந்தாள். முந்தின இரவு, எல்லாம் கூடு திரும்பியபின் அடைத்திருக்க வேண்டும். பதற்றத்தில் அது உறைக்கவில்லை. பூவுக்குப் போயிருந்த ஆயிரக்கணக்கான தேனீக்கள் வெளியே மாட்டிக்கொண்டன.

போனில் அண்ணனைப் பிடித்தாள்.

“நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லண்ணே?”

“காத்து அடங்கியிருந்துச்சு, அடிச்சுட்டேன். நாலு பூச்சிக்கு இந்த ஒப்பாரியா? அதை விடு, பாப்பா ரூம் ஜன்னலைச் சாத்தினியா?”

பெட்டியை அடைத்தவள் ஜன்னலை மறந்திருந்தாள்.

வாசல் அடைபட்டால் வெளியே நிற்பவை பெட்டியின் முகப்பில் தாடிபோல் கொத்தாகத் தொங்கும். தொங்கவில்லை. மருந்து பட்டுச் செத்தவை நாக்கை நீட்டியபடி தரையில் கிடக்கும். கிடந்தவை பத்துப் பன்னிரண்டுதான். வரிசையாக. ஜன்னல்வரை.

கூடிழந்தவை தேடுவது மூன்றைத்தான்: இருட்டு, கதகதப்பு, குறுகிய வாசல்.

அறையில் மருந்தின் அழுகிய பூண்டு நெடி. அதற்கடியில், இருக்கவே கூடாத தேன்மெழுகு வாசம். மகள் கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தாள். சளியால் மூக்கடைத்து, மதியம் முழுக்க வாயைத் திறந்துகொண்டுதான் தூங்கினாள். இப்போது வாய் மூடியிருந்தது.

போர்வை ஏறி இறங்கவில்லை. அதிர்ந்தது.

“பாப்பா... கண்ணு, அம்மாடா.”

தொடக் கை வரவில்லை. கட்டில் சட்டத்தை விரல் கணுவால் தட்டினாள். ஒருமுறை.

உஸ்.

அதே நொடியில் அடங்கியது.

மகளின் உதடுகள் மெல்லப் பிரிந்தன. கீழுதட்டின் விளிம்பில் இரண்டு தேனீக்கள், வாசல் காப்பவை நிற்பதுபோல், முன்னங்கால்களைத் தூக்கி தட்டியவளையே பார்த்து நின்றன.