திரும்பி நின்று கேட்டவன்

"அது இதுக்குள்ள நிக்காதுங்க."

குரல் பின்னாலிருந்து வந்தது. அவள் திரும்பவில்லை. கையிலிருந்த மவுத்பீஸை, வாய் வைத்து ஊதும் முனையை, வாத்தியக் கடை மேசையிலிருந்த தொழில்முறைப் பித்தளை ட்ராம்போனுக்குள் இன்னும் அழுத்தினாள். அது லொடலொடவென்று ஆடியது. நான்கு வருடம் கல்லூரி நடன இசைக் குழுவின் சின்னத் துளை ட்ராம்போனில் ஊதிய மவுத்பீஸ். இந்தப் பெரிய துளைக்கு அதன் வால், உள்ளே செருகும் முனை, சிறிதாக இருந்தது. வாத்தியத்துக்கு வாத்தியம் அந்த அளவு மாறும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை... சொல்லித் தர வீட்டில் யார் இருந்தார்கள்? குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவளே அவள்தான்.

"தெரியும்," என்றாள் வெடுக்கென்று.

"தெரிஞ்சுமா குத்திக்கிட்டே இருக்கீங்க?"

திரும்பினாள். நெட்டையாக ஒருவன். முடியில் மழைத்துளிகள் இன்னும் உடையாமல் நின்றன. கண்களில் கேலி இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது... கேலி இருந்திருந்தால் பதில் தயாராக வைத்திருந்தாள்.

"என்னோடதைத் தர்றேன். பெரிய வால்தான்."

"நீங்க வாய் வெச்சதையா?"

கடைக்கார அம்மா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஸ்லைடு குழாய் பழுதுன்னு மாசத்துக்கு ஒரு தரம் வந்து நிக்கிற பையன்மா இவன். சோப்பு போட்டு மூணு தரம் கழுவாம தர மாட்டான். வாங்கிக்கோ."

கழுவித்தான் கொடுத்தான். உலோகம் இன்னும் ஈரமாக, கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. உதட்டில் வைத்தபோது, தேவையே இல்லாமல் அவள் காது சூடானது. சே... என்ன இது!

மேசையில் மூன்று ட்ராம்போன்கள். வெள்ளிக்கிழமை ஆர்கெஸ்ட்ராவில் ஒரே ஒரு இடத்துக்குத் தேர்வு. கல்லூரி வாத்தியத்தைப் போன வாரமே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. இன்று எடுப்பதைத்தான் ஆயுசுக்கும் ஊத வேண்டும். தப்பாக எடுத்தால் மாற்றி எடுக்க இன்னொரு முறை என்பதெல்லாம் அவள் வீட்டில் கிடையாது. கிடங்கில் மூட்டை சுமக்கும் அப்பா, காலையில் கிளம்பும்போது, "உனக்குத் தெரியாததாம்மா... நீதான் ஜட்ஜம்மா ஆச்சே, நீயே தீர்ப்பு சொல்லு" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தார். அந்தச் சிரிப்புதான் பயமாக இருந்தது.

இழுத்துத் தள்ளும் ஸ்லைடைச் சாய்த்து விட்டுப் பார்த்தாள். மூன்றாவது வாத்தியத்தில் அது பாதியிலேயே உரசி நின்றது. தள்ளி வைத்தாள். மற்ற இரண்டும் சத்தமில்லாமல் தண்ணீர் போல வழிந்தன. ஊதினாள். முதலாவது பளபளவென்று காதுக்குள்ளேயே பாடியது. இரண்டாவது கனமாக, மங்கலாக, சுவரைப் பார்த்துப் பேசுவது போல...

"இதுதான்," என்று முதலாவதைத் தொட்டாள்.

"ஊதுறவங்க காதை நம்பக் கூடாதுங்க. தூரத்துல நின்னு யாராவது கேக்கணும். நான் வேணா அந்தக் கோடியில திரும்பி நிக்கிறேன். எதை ஊதுறீங்கன்னு சொல்லாதீங்க."

போனான். முதுகைக் காட்டி, சன்னலில் வழியும் மழையைப் பார்த்தபடி நின்றான்.

இரண்டையும் ஊதினாள். "ரெண்டாவது ஊதினதுதான் நல்லா கேக்குது," என்றான். கனமானது. வரிசையை மாற்றினாள். "இப்ப முதல்ல ஊதினது." மறுபடி கனமானது. மூன்றாம் தரம் அவன் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமானது. "...ரெண்டாவது." அதுவும் கனமானதே.

அப்போதுதான் கடைக்கார அம்மா கேட்டார்: "தம்பி, வெள்ளிக்கிழமை தேர்வுக்கு உன் பேரும் இருக்குல்ல?"

"ஓ..." என்றாள் அவள். "அதான் மங்கலா கேக்குறதை என் தலையில கட்டுறீங்களா?"

"அப்படி இல்லங்க."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா நான் சொல்றதை நம்பியிருப்பீங்களா?"

"இப்ப மட்டும் நம்பிக் கிழிச்சேனாக்கும்! என்னைப் பாத்தா ஏமாளின்னு எழுதி ஒட்டியிருக்கா? அம்மா, இந்த முதல் வாத்தியத்துக்கே பில் போடுங்க."

அவன் முகம் சுருங்கியது. போய்விடுவான் என்று நினைத்தாள். போகவில்லை.

"பில் போடட்டும். அதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் நீங்க திரும்பி நில்லுங்க. நான் ஊதுறேன். எது எதுன்னு நானும் சொல்ல மாட்டேன். அப்புறம் என்னைத் திட்டுங்க, வாங்கிக்கிறேன்."

வீம்புக்குத்தான் போய் நின்றாள். சன்னல் கண்ணாடியில் தன் மூச்சு படர்ந்து மறைவதைப் பார்த்துக்கொண்டு.

முதல் சத்தம் வந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் பாதி வழியிலேயே மெலிந்து, கடையின் நடுவிலேயே உதிர்ந்துவிட்டது. பிறகு இரண்டாவது... அது அறையின் நீளத்தை நிதானமாகக் கடந்து வந்து, அவள் முதுகில் கை வைத்த மாதிரி நின்றது. கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

திரும்பினாள். அவன் கையில் இருந்தது அந்தக் கனமான ட்ராம்போன்.

"ஊதுறவங்க காதுக்குத் திரும்பி வராத சத்தமெல்லாம் முன்னால போயிருதுங்க," என்றான் மெல்ல. "அதான் நமக்கு மங்கலா தெரியுது."

அவளுக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் கோபமும் கூடவே வரும், அவள் பிறவி அப்படி.

"இவ்வளவு நல்லவரா இருக்கீங்களே... அப்ப வெள்ளிக்கிழமை வராம எனக்கு விட்டுக் கொடுத்துருவீங்களா?"

"மாட்டேன்."

யோசிக்கக்கூட இல்லை அவன். "எனக்கும் அந்த இடம் வேணும். முடிஞ்ச வரைக்கும் நல்லா வாசிப்பேன். நீங்க ஜெயிக்கணும்னா என்னைத் தாண்டித்தான் ஜெயிக்கணும்."

பள்ளியிலிருந்து கல்லூரி வரை எத்தனை பேர் அவளுக்கு விட்டுக் கொடுத்திருக்கிறார்கள்! மதிப்பெண்ணில், வரிசையில், 'பாவம், அந்த வீட்டுலேர்ந்து வருது' என்ற பெருமூச்சில். ஒவ்வொன்றும் கன்னத்தில் ஓர் அறை மாதிரி விழும். அதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டும். இவன் ஒருவன்தான் பாவம் பார்க்கவில்லை. உண்மையையும் கொடுத்துவிட்டு, போட்டிக்கும் நிற்கிறான்.

"கனமானதையே எடுத்துக்கிறேன்மா," என்றாள் கடைக்கார அம்மாவிடம். அவர் பெட்டி எடுக்க உள்ளே போனார்.

மவுத்பீஸைக் கழற்றித் துடைத்து நீட்டினாள். விரல் பட்டது... இருவருமே கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஒரு பொய் சொல்லிட்டேன்," என்றான் அவன், தரையைப் பார்த்து. "மூணாவது தரம் குத்துமதிப்பாத்தான் சொன்னேன். வாத்தியத்தைக் கவனிக்கவே இல்ல. நீங்க ஊதுறதுக்கு முன்னாடி மூச்சு இழுத்தீங்கல்ல... அதுக்கப்புறம் எனக்கு எதுவும் கேக்கல. இப்படி ஒருத்தரை எனக்கு இதுவரைக்கும் பிடிச்சதில்லங்க."

மழை விட்டிருந்தது. அவள் நிமிர்ந்து, அவன் கண்களை நேராகப் பார்த்தாள். கோபக்காரிக்குக் குழைந்து பேச வராது. வந்த மாதிரிதான் சொன்னாள்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. வெள்ளிக்கிழமை நான் ஜெயிச்சாலும் பிடிக்கும். தோத்துட்டா... ஒரு வாரம் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன். அப்புறம் நானே தேடி வருவேன்."