பட்டுவுக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

ஜுலைகாவின் துப்பறியும் அலுவலகம் பேகம்பேட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அங்கே வந்து உட்கார்ந்த பெண், கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிக்கும் முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள். உதவியாளர் மனோஜுக்குக் கை பரபரத்தது. வயது நாற்பத்திரண்டு, பிறந்து வளர்ந்தது செகந்திராபாத். யாராவது அழுதால் குற்றவாளியை அந்த நிமிடமே பிடித்துவிட வேண்டும் அவருக்கு. முந்திரிக்கொட்டை என்று அவர் மனைவியே சொல்வாள்.

"பேரு ஹம்ஸினி, மேடம். சனத்நகர்ல வால்வு செய்யுத கம்பெனில சிஸ்டம் அட்மின். ஆறு மாச ப்ரொபேஷன் இன்னையோட முடியுது. சாயங்காலம் வேலைய நிரந்தரமாக்கி லெட்டர் தரணும். அதுக்குப் பதிலா, வீட்டுக்குப் போன்னுட்டாரு முதலாளி."

விஷயம் இதுதான். அலுவலகத்தில் இருபத்து நான்கு கம்ப்யூட்டர்கள், எல்லாம் ஒரே மாடல் கறுப்புப் பெட்டிகள். அத்தனையிலும் புது விண்டோஸ் போட வேண்டும். ஒவ்வொன்றாக உட்கார்ந்து போட்டால் ஒரு வாரம் போகும். ஹம்ஸினி அதைத் தானே நடக்கும்படி செய்திருந்தாள். சனிக்கிழமை பெட்டிகள் தாமாகவே விழித்து, நெட்வொர்க் வழியே எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளும். பிறகு ஒவ்வொன்றும் தன் சீரியல் நம்பரை அவள் எழுதிய பட்டியலில் தேடி, தனக்கு என்ன உரிமை என்று தெரிந்துகொள்ளும். தலைமை டிசைனர் ராமச்சந்திரனின் பெட்டிக்கு மட்டும் முழு அதிகாரம்; சர்வரில் இருக்கும் வரைபடங்களும் அதில்தான் திறக்கும். மற்ற இருபத்து மூன்றிலும் யாரும் புதிதாக எதையும் போட முடியாது.

"இன்னைக்குக் காலைல பார்த்தா ராமச்சந்திரன் சாருக்கு ஒண்ணும் தெறக்கல. சரக்கு அனுப்புத டிஸ்பாட்ச்ல இருக்க பட்டு அக்காவுக்கு முழு அதிகாரம்! அவுக மக கல்யாணத்துல பாட்டும் ஆட்டமுமா நடக்குத சங்கீத்துக்குப் பத்திரிகை செய்யணும்னு ஏதோ ஓசி சாஃப்ட்வேர இறக்க, நாலு பிரிண்டரும் விளம்பரமா அடிச்சுத் தள்ளுது. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து சாப்புடுவோம். அதான், சிநேகிதிக்குச் சலுகைங்கிறாரு முதலாளி. ஒரு மெஷினையும் தொட விட மாட்டேங்கிறாரு."

அவள் பட்டியலை நீட்டினாள். புதன்கிழமை இருக்கை இருக்கையாகப் போய் எடுத்தது. ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்தில் அந்தந்த ஆளின் கையெழுத்து.

"ஆயுத பூஜை அன்னிக்கு நீ எங்கம்மா இருந்த?" என்று ஜுலைகா கேட்டாள்.

"பூஜை அன்னிக்கு, வியாழக்கிழமை காலைலயே ஊருக்கு ரயிலேறிட்டேன், மேடம். எல்லா மெஷினையும் ஆன்ல மட்டும் வைங்கன்னு சொல்லிட்டுப் போனேன்."

"ஹவ், அதேதான்! பட்டுதான் பாஸ்வேர்ட திருடியிருக்கு!" என்றார் மனோஜ்.

"முதல்ல ஆட்டோவக் கூப்பிடுங்க," என்றாள் ஜுலைகா.

டிஸ்பாட்ச் மேஜையைப் பார்த்தால் அங்கே துடைப்பம் நுழைந்தே வருடமாகியிருக்கும் போலிருந்தது. வால்வு பேக் செய்யும் தெர்மோகோல் உதிர்ந்து மேஜை, நாற்காலி, பட்டுவின் தலை எல்லாம் வெள்ளை. பெட்டியின் உச்சியில் மட்டும் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. ஜுலைகா மானிட்டரையும் கீபோர்டையும் நிதானமாகப் பார்த்தாள். அவற்றில் ஒரு பொட்டும் இல்லை. மேஜையிலும் ஒரு சிட்டிகை குங்குமம்கூடச் சிந்தியிருக்கவில்லை.

"நான் எதுக்குத் திருடணும்? நக்கோ பாபா, இந்தப் பழி வேணாம்!" என்று பட்டு மனோஜிடம் சீறினாள். "டவுன்லோடு ஆகுமான்னு அமுக்கினேன், ஆச்சு. கைக்கு ஆச்சு, ஏன் ஆச்சுன்னு எனக்கென்ன தெரியும்?"

ராமச்சந்திரனின் ஏசி அறையோ வேறு உலகம். செருப்பைக்கூட வெளியே விடச் சொன்னார். ஜுலைகா கண்ணைக் காட்ட, மனோஜ் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஃபேனைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் குட்டி உருண்டைகள்.

"பூஜைப் பொரி! உள்ள எப்டிக்கா போச்சு?" என்று ஜுலைகாவைக் கேட்டார்.

"தின்னு பாருங்களேன்."

மனோஜ் நம்பி வாயில் போட்டார். மென்ற வேகத்தில் துப்பினார்.

மூன்று மணிக்கு எல்லோரும் முதலாளி அறையில் கூடினார்கள். சந்திரசேகரன் கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் லேசில் இறங்கி வரமாட்டார்.

"இந்தப் புள்ள பட்டியல்ல தப்பு பண்ணியிருக்குதுங்க, இல்லாட்டி வேணும்னே பண்ணியிருக்குது. வேற என்ன இருக்குது?" என்றார்.

"பட்டியல் சரி. ராமச்சந்திரன் சாரே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கார்," என்றாள் ஜுலைகா. "மெஷினும் பட்டியல் சொன்னபடிதான் செஞ்சிருக்கு. அப்ப மாறினது என்ன? மெஷின் இருந்த இடம். ஐயா, இங்க பூஜை எப்படிப் பண்ணினீங்க?"

"முறைப்படிங்க. ஆயுதம்னா சாமி முன்னால இருக்கோணும். அத்தனை பொட்டியும் ஹாலுக்குக் கொண்டாந்து, அடுக்கி, மாலை போட்டு..."

அவர் குரல் இறங்கியது.

"மேஜைக்கு மேஜை போய்ப் பொட்டு வச்சிருந்தா மானிட்டருக்கும் வச்சிருப்பாங்க, மேஜையிலயும் சிந்தியிருக்கும். பட்டு அம்மா அதைத் துடைச்சிருக்க மாட்டாங்க." பட்டு பெருமையாகத் தலையாட்டினாள். "அதனால பெட்டிங்க மட்டும் எங்கயோ போய் வந்திருக்கு. திரும்ப வைக்கும்போது எல்லாம் ஒரே மாதிரி. கைக்குக் கிடைச்சதை வச்சிருக்காங்க. பூஜை போட்டதுல விஜயதசமி வரைக்கும் யாரும் வேலை பார்க்கக் கூடாது, அதனால கவனிக்க ஆளில்லை. அப்புறம் லீவு. திறந்து பார்க்கறதுக்குள்ள புது விண்டோஸ் ஏறிடுச்சு. எல்லா ஸ்கிரீனோட முகமும் ஒண்ணாயிடுச்சு. மத்தவங்க பெட்டியும் மாறித்தான் இருக்கும். எல்லாருக்கும் ஒரே உரிமை, அதனால தெரியலை. தூசியே நுழையாத ஏசி அறையில இருக்கற ஃபேனுக்குள்ள தெர்மோகோல் எப்படி வந்தது? அது டிஸ்பாட்ச்ல இருந்த பெட்டி."

சந்திரசேகரன் எழுந்து, எல்லோரும் பின்தொடர டிஸ்பாட்சுக்குப் போய், பட்டுவின் பெட்டிக்குப் பின்னால் குனிந்து ஸ்டிக்கரைத் தானே படித்தார். பட்டியலில் ராமச்சந்திரன் பெயருக்கு நேரே இருந்த நம்பர். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான்.

"இதை ராமச்சந்திரன் ரூம்ல கொண்டு வைக்காம எந்த மடையன் இங்க வச்சான்?"

"நீங்கதான் சார்," என்றாள் பட்டு. "மொத பொட்டிய மொதலாளிதான் தூக்கணும்னு தூக்கினீங்க. கனக்குதுன்னு என் மேஜைல வச்சீங்க."

மனோஜ் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹம்ஸினி சிரிக்கவில்லை. கேட்ட கையோடு கீபோர்டை இழுத்து, பட்டியலில் இரண்டு வரிகளை மாற்றினாள். பட்டுவின் அதிகாரம் போயிற்று. ராமச்சந்திரனின் வரைபடங்கள் திறந்தன. பெட்டி எதையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

சந்திரசேகரன் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவர். மேஜையில் இல்லாத எதையோ தேடினார், தொண்டையைக் கனைத்தார். பிறகு முறைப்பாகவே சொன்னார்:

"இதா பாரு, அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு உனக்கு லீவு கெடையாது."

அடுத்த வருஷம் என்று அவர் சொன்னது ஹம்ஸினிக்கு உறைக்க ஒரு நொடி ஆயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி சார்," என்றாள்.