மெழுகு ஒட்டாத பாதம்

கதவைத் திறந்ததும் காஸில்டாவின் கண் அந்தப் பாதங்களில்தான் விழுந்தது. மதியத்திலிருந்து செவில் நகரத் தெருக்களில் வெறுங்காலோடு ஊர்வலம் போகிறவனின் கால், தூசியும் மெழுகுவர்த்தியிலிருந்து சொட்டிய மெழுகுமாகக் கன்னங்கரேலென்று இருக்க வேண்டாமா? இவை அப்போதுதான் கழுவியவை போல் வெளுத்திருந்தன.

அதைப் பற்றி யோசிக்கக்கூட அவளிடம் தெம்பில்லை. மகன் கீனோ காய்ச்சலும் இருமலுமாய்ப் படுத்ததிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை. அவன் பிழைக்க வேண்டும் என்று கணவன் பால்தசார் புனித வாரத்தில் வெறுங்கால் நடை நேர்ந்துகொண்டிருந்தான். முகத்தை முழுக்க மறைக்கும் அந்த ஊர்வல முக்காட்டைப் போட்டுவிட்டால், வீடு திரும்பிக் கழற்றும்வரை யாரிடமும் பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. அதனால் கறுப்பு அங்கியும் கூம்பு முக்காடுமாக வாசலில் நின்ற உருவம் வாய் திறக்காதது அவளுக்கு வித்தியாசமாகப் படவில்லை.

"பாதியிலயே வந்துட்டியா? முடியலன்னா முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றாள் சலிப்போடு. "சரி, போய் அவன் பக்கத்துல உக்காரு. எனக்கு இனி முடியாதுப்பா."

உருவம் சத்தமே இல்லாமல் பிள்ளையின் அறைக்குள் போனது. காஸில்டா பால்கனி ஓரத்து நாற்காலியில் சரிந்தாள். சாயங்காலக் காற்றில் சாம்பிராணிப் புகையும் ஆரஞ்சுப் பூ வாசனையும் கலந்து வந்தன; அவற்றுக்கு அடியில், வீட்டுக்குள்ளிருந்தே, வெகுநாள் திறக்காத நிலவறையின் ஈரச் சுண்ணாம்பு வாடை ஒன்று மெல்லப் பரவியது. தெருமுனையில் முரசு நெருங்கிக்கொண்டிருந்தது. கண் சொக்கியது.

"அடியே காஸில்டா!" எதிர் பால்கனியிலிருந்து எலாதியா கத்தினாள். "தூங்குமூஞ்சி! உன் வீட்டுக்காரன் கீழ போறான், பாருடி!"

"அவன் அப்பவே வந்தாச்சு," என்று கொட்டாவியோடு எட்டிப் பார்த்தாள்.

வரிசையில் ஒருவன் இடது காலை உள்பக்கமாக மடக்கி நொண்டி நடந்தான். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து ஒடிந்த கால். அவளுக்குத் தெரியாத நடையா?

"பால்தசார்!"

மெழுகுவர்த்தியோடு போனவனின் நடை ஒரு கணம் தடைப்பட்டது. அவன் திரும்பவில்லை. திரும்பினால் நேர்ச்சை போய்விடும், பிள்ளை போய்விடுவான். அப்படியே நடந்து போனான்.

அப்படியானால் உள்ளே?

ஓடினாள். இருமல் சத்தம் இல்லை. எப்போது நின்றது? கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினாள்.

கறுப்பு அங்கி ஆளில்லாமல் தரையில் குவிந்து கிடந்தது. கட்டிலில் கீனோ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் தலையில் அந்தக் கூம்பு முக்காடு.

"கண்ணு... அதைக் கழட்டுடா."

வாயருகே மூச்சுக்கு அசைய வேண்டிய துணி அசையவே இல்லை.

அவன் மெல்ல இறங்கி, தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் அவளை நோக்கி நீட்டினான்.